தூளியும் தொங்குபடுக்கையும்

விடுமுறை நாட்களில் காட்டோரமும் கடலோரமும் சென்று இரவு தங்கி வருவது இக்கால இளைஞரிடையே பெருகிவரும் நல்ல பழக்கமாகும். அங்ஙனம் செல்வோருள் சிலர் தரையில் கூடாரம் அடிக்காமல், இரு மரங்களுக்கு இடையே துணியைக் கட்டி அதில் துயில்கின்றனர். ஆங்கிலேயர் இதனை ஹாமக் என்பர். நாம் தொங்குபடுக்கை எனலாம். சிங்கப்பூர்க் கடைகளில் இது பலவகையாக விற்கப்படுகிறது. கொசுவலை, மழைத்திரை, வார்ப்பட்டை ஆகியவற்றுடன் சேர்த்து வாங்கினால் 100 வெள்ளியைத் தாண்டுவனவும் உள. விலையைக் கேட்ட ஏழை மாணவன், இது வசதி படைத்தோருக்கு உரிய பொருள் என்று ஒதுங்கி விடுகிறான். அவனுடைய பாட்டி அவன் தந்தையைக் கிடத்தி ஆட்டிய தூளியும் இதுவும் ஓரினப் பொருள்களே என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

ஆதலின், தொங்குபடுக்கை யாருடைய பொருள், சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் அதற்கு இடமுண்டா என்னும் இரண்டு வினாக்களை ஈண்டு ஆராய்வோம். விடை கிடைக்குமாயின், குறைந்த செலவில் பாசறை அமைக்கும் வழியும் உடன் கிடைக்கும்.

பெயர்கள் கூறும் செய்தி

ஒரு பொருளின் வரலாற்றை அறிய முதற்கண் அதன் பெயரை நோக்குதல் நலம். குழந்தைக்காகத் துணியில் கட்டும் தொட்டிலைத் தமிழ்நாட்டில் தூளி என்கிறோம். யாழ்ப்பாணத்தார் ஏணை என்பர். கொங்கு நாட்டில் ஊஞ்சலுக்குத் தூரி என்று பெயர். நோயாளியையும் முதியோரையும் மூங்கிலில் தொங்கவிட்டுச் சுமந்து செல்லும் ஊர்தி டோலி எனப்பட்டது. மலையாளக் கரையில் இவ்வகை ஊர்திக்கு மஞ்சல் என்று பெயர். கழியின் இரு முனைகளிலும் துணியைக் கட்டி, நடுவில் ஆளைக் கிடத்தி, சுமப்போர் தோளில் தாங்கிச் செல்வர். ஊர்தியாயினும் தொட்டிலாயினும் அமைப்பு ஒன்றே. தாங்குவது கழியானால் ஊர்தி, உத்தரமானால் தூளி, மரமானால் தொங்குபடுக்கை.

கட்டில் என்னும் சொல்லும் இங்கே கருதத்தக்கது. கட்டப்படுவது ஆதலின் கட்டில். கயிற்றாலும் நாராலும் பின்னிக் கட்டிய படுக்கையே பழைய கட்டில். இச்சொல் நம் வணிகரோடு கடல் கடந்து மலாய் மொழியில் 'காத்தில்' என வழங்குகிறது. வடமொழியின் 'கட்வா' என்னும் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து சென்றதே என்று மொழிநூலார் சிலர் கருதுவர். இந்தியில் அது 'காட்' ஆயிற்று. அதிலிருந்து ஆங்கிலத்தின் 'காட்' என்னும் சொல் பிறந்தது. வியப்புக்குரிய செய்தி யாதெனில், ஆங்கிலக் கப்பற்படையில் அதிகாரிகள் படுத்த தொங்கும் படுக்கைக்கு இந்திய மூலமுடைய இச்சொல்லே பெயராக வழங்கியது. சாதாரண மாலுமிகள் படுத்ததற்கு வேறு பெயர். அப்பெயரின் வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

இலக்கியத்தில் பாசறையும் ஊசலும்

காட்டில் தங்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் அரசனது பாசறை விரிவாகச் சொல்லப்படுகிறது. காட்டைத் திருத்தி முள்வேலி வளைக்கின்றனர். தழைகளால் வேய்ந்த கூரைகள் தெருத் தெருவாக நிற்கின்றன. ஊன்றிய விற்களில் அம்புப் புட்டில்கள் தொங்குகின்றன. கால்களை நாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டி இருக்கைகள் அமைக்கின்றனர். ஊன்றுவதும், தொங்கவிடுவதும், கயிற்றை இழுத்துக் கட்டுவதும் ஆகிய இம்மூன்றே இன்றும் பாசறைக் கலையின் அடிப்படைகளாக உள்ளன. அத்துணை ஏற்பாடுகளுக்கு நடுவிலும், போரை எண்ணிய மன்னன் உறங்கவில்லை என்று புலவர் கூறுவது பாட்டின் உயிர்நாடியாகும்.

ஊசலைப் பற்றிய செய்திகளும் பல. விழாக்கொண்ட ஊரில் பனைநாரால் திரித்த பெருங்கயிற்றில் தொங்கும் ஊசலை நற்றிணை காட்டுகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் ஊசல். தாலப் பருவமோ இருபாற் பிள்ளைத்தமிழுக்கும் பொது. தால் என்பது நாக்கு. நாவை அசைத்து ஒலித்தலின் தாலாட்டு ஆயிற்று. பெரியாழ்வார் கண்ணனுக்குத் தொட்டில் இட்டுப் பாடும்போது பொன்னும் மணியும் வயிரமும் இழைத்த தொட்டிலையே பாடுகிறார். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய தொட்டில் இலக்கியத்தில் இடம்பெற்றது. கூலிப்பெண் கட்டிய கந்தைத் தூளி நாட்டுப்பாடலோடு நின்றுவிட்டது.

கடலுக்கு அப்பால்

இனி மேலைநாட்டுச் செய்தியைப் பார்ப்போம். 1492 அக்டோபரில் கொலம்பசு கரீபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலை போன்ற படுக்கைகளில் துயில்வதைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதினார். அம்மக்கள் பேசிய தைனோ மொழியில் அதன் பெயர் 'அமாக்கா'. அச்சொல்லை இசுபானியர் ஏற்றனர். அதிலிருந்து ஆங்கில ஹாமக் தோன்றியது. டச்சுக்காரரும் செருமானியரும் அதனைத் தம் மொழியில் 'தொங்கும் பாய்' என்று பொருள்படுமாறு திரித்துக்கொண்டனர். பிரேசிலை அடைந்த போர்த்துகீசியர் அதற்கு 'வலை' என்றே பெயரிட்டனர்.

ஐரோப்பிய மாலுமிகளுக்கு இப்படுக்கை பெரும்பேறாக அமைந்தது. அதுவரை அவர்கள் ஈரம் தோய்ந்த மேல்தளப் பலகையில் உருண்டு கிடந்தனர். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் தொங்குபடுக்கை நேராகவே நிற்கும். பகலில் சுருட்டி வைத்தால் இடமும் அடைக்காது. 1597இல் ஆங்கிலக் கப்பற்படை இதற்கெனப் பாய்த்துணி வாங்க ஆணையிட்டது. பிற்காலத்தில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலமே. போர் நேர்ந்தால், சுருட்டிய படுக்கைகளைக் கப்பலின் விளிம்பில் அடுக்கித் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தடையாகப் பயன்படுத்தினர். கடலில் இறந்தவனை அவன் படுத்த துணியிலேயே தைத்து நீரில் விட்டனர்.

அங்ஙனமாயின், தொங்குபடுக்கையை உலகுக்குத் தந்தவர் அமெரிக்கப் பழங்குடியினர் மட்டுமா? இங்கே மற்றொரு சான்றை வைத்து ஒப்பிடுதல் வேண்டும். மொராக்கோ நாட்டிலிருந்து வந்த இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலையாளக் கரையிலும் மதுரையிலும் தங்கியவர். மலையாளக் கரையில் மக்கள் 'தூலா' என்னும் ஊர்தியில் செல்வர் என்றும், அதனை ஆட்கள் தோளில் சுமப்பர் என்றும் அவர் எழுதியுள்ளார். நூலாலோ பட்டாலோ பின்னிய கயிற்றுப் படுக்கையை மூங்கிலில் தொங்கவிட்ட ஊர்தி அது. கொலம்பசின் பயணத்திற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டில் ஆள் தாங்கும் தொங்குபடுக்கை இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

இதனைக் கொண்டு, எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று முழங்குவது ஆராய்ச்சிக்கு அழகன்று. அமாக்காவைத் தைனோ மக்கள் நம்மிடம் கற்கவில்லை. தூளியை நாம் அவர்களிடம் கற்கவில்லை. நூலும் கயிறும் அறிந்த மக்கள், ஈரத் தரையும் ஊர்வனவும் உள்ள வெப்பநாட்டில், தனித்தனியே கண்ட விடைகள் இவை. மலாய் மக்களின் 'புவாயான்' என்னும் சாரோங் தொட்டிலும் அத்தகையதே. தனித்தனியே பிறந்த இம்மூன்றும் ஓரிடத்தில் வந்து கூடின. அவ்விடம் சிங்கப்பூர்.

சிங்கப்பூரில் உறங்கியோர்

1819இல் இராபிள்சு சிங்கப்பூரில் இறங்கியபோது உடன்வந்த இந்தியச் சிப்பாய்கள் கடற்கரை வெளியில் கூடாரம் அடித்துத் தங்கினர். இத்தீவில் இந்தியரின் முதற் படுக்கை பாசறைப் படுக்கையே எனலாம். அதே ஆண்டு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை வைத்தார். 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1825 முதல் இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். சாலைகளும் பெரிய கட்டடங்களும் அவர்கள் உழைப்பால் உருவாயின. சிராங்கூன் சாலைப் பகுதியில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் தமிழர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். மாட்டுத் தொழுவங்களால் மலாய்க்காரர் அதன் ஒரு பகுதியைக் கண்டாங் கெர்பாவ் என்றனர். பின்னர்த் தேக்கா என்ற பெயர் நிலைத்தது.

இந்நகரில் உழைத்த தமிழர் எப்படி உறங்கினர் என்பதை வரலாற்று நூல்கள் மிகுதியும் பேசுவதில்லை. ஆனால், படுக்கையைக் கொண்டே ஒருவருடைய நிலையை அறியலாம். மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் எந்தத் தரையில் பெட்டகத்தை வைத்துக் கணக்கு எழுதினரோ, இரவில் அதே தரையில் பாய் விரித்துத் துயின்றனர். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் காவலிருந்த வட இந்தியரான ஜாகாக்காரர் ஐந்தடி நடைபாதையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொண்டனர். 1822இல் இராபிள்சு வகுத்த நகரத் திட்டத்தின் பயனாக எழுந்த அந்நடைபாதை, பகலில் வழியாகவும் இரவில் படுக்கையறையாகவும் பயன்பட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் நகராட்சியில் வேலை செய்தோரும் ஓர் அறையில் பலராக நெருங்கிக் கிடந்தனர். பாயும் கயிற்றுக் கட்டிலும் பெரும்பாலும் தனித்து வந்த ஆண்களின் படுக்கைகள். தூளி தொங்கிய இடத்தில் குடும்பம் இருந்தது, பெண் இருந்தாள், இங்கேயே வேரூன்றப் போகும் தலைமுறை இருந்தது. இதனாலேயே தூளி வரலாற்றுச் சான்றாகிறது.

பால்மரத்து நிழலில்

தூளியின் வரலாறு மிகவும் விரிவது தோட்டப் புறத்தில்தான். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பட்டையைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா எங்கும் பால்மரக் காடுகள் பரவின. சிங்கப்பூர்த் தீவிலேயே செம்பவாங், மண்டாய், நீசூன் வட்டாரங்களில் பெருந்தோட்டங்கள் இருந்தன. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது; ஆட்களைக் கொண்டுவரும் செலவு அதிலிருந்து தரப்பட்டது.

அக்காலப் பதிவேடுகளில் பல செய்திகள் காணப்படும். வந்தோர் தொகை, திரும்பியோர் தொகை, பிறப்பு, இறப்பு, கூலி ஆகியவை அனைத்தும் எழுதப்பட்டன. 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையத்தக்க தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று தரப்படுத்தப்பட்டதையும் படிக்கிறோம். அந்த 40 காசுக்கு உழைத்த பெண், விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லுமுன் தன் கைக்குழந்தையை எங்கே விட்டாள் என்னும் வினாவுக்குக் கணக்கேட்டில் பத்தி இல்லை. தூளி எந்தக் கங்காணியின் கணக்கிலும் ஏறவில்லை. எந்தக் கிராணியும் அதற்குப் பற்றுச்சீட்டு எழுதவில்லை.

தோட்டத்து மூதாட்டியர் இதனை நன்கு அறிவர். பெரும்பாலான தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. நீண்ட கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒரே ஆயா கயிற்றால் பலவற்றையும் ஆட்டுவாள். ஒவ்வொரு தூளியும் ஒவ்வொரு தாயின் பழஞ்சேலை. நிறத்தைக் கொண்டே எந்தப் பிள்ளை யாருடையது என்று ஆயா அறிவாள். கொட்டகை தொலைவாயிருந்தால், தாய் குழந்தையைக் காட்டுக்கே எடுத்துச் செல்வாள். தன் வரிசையின் நடுவே இரு மரங்களுக்கிடையே சேலையைக் கட்டி, மேல்விளிம்பு மூடிக் குழந்தைக்கு மூச்சு முட்டாதிருக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கம்பைச் செருகி, பால் வெட்டப் போவாள். பால்மரத்தின் வெட்டுப் பட்டையில் கயிறு அழுந்தக் கூடாது. அழுந்தினால் பட்டை கெடும், தண்டலின் வசைமொழியும் கிடைக்கும். ஆகவே வெட்டுக்கு எதிர்ப்புறம் சாக்குத் துண்டை வைத்து, அதன்மேல் கட்டுவர். மரத்துக்குத் தீங்கின்றிக் கட்டுவது எப்படி என்று இக்காலப் பாசறை நூல்கள் கூறும் அறிவுரையைத் தோட்டத்துப் பெண்கள் எழுத்தறியாமலே கடைப்பிடித்தனர்.

செம்பவாங்கில் இரு வகைப் படுக்கைகளும் அருகருகே இருந்தன. அங்கே கடற்படைத் தளம் அமைக்க 1923இல் முடிவாயிற்று. அதன் பெருங்கப்பல் துறை 1938 பிப்ரவரி 14இல் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கு வேலை செய்தனர். துறையில் நின்ற போர்க்கப்பல்களில் ஆங்கில மாலுமிகள் அமாக்காவின் வழிவந்த பாய்த்துணிப் படுக்கைகளில் துயின்றனர். தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் தூளியில் துயின்றன. ஒன்று கரீபியன் தீவிலிருந்து இலண்டன் வழியாக வந்தது. மற்றொன்று காவிரிக் கரையிலிருந்தும் பொருநைக் கரையிலிருந்தும் சேலை முடிச்சாக வந்தது. 1971இல் ஆங்கிலப் படை விலகிச் சென்றது. அதற்குள் மாலுமியின் தொங்குபடுக்கையும் கப்பல்களில் மறைந்து, இரும்புக் கட்டில்கள் இடம்பிடித்து விட்டன.

போரும் துணிப்பஞ்சமும்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்த மூன்றரை ஆண்டுகளில் அரிசியைப் போலவே துணியும் அரிதாயிற்று. சாக்கை உடுத்தியவரும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை அமைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அங்கே இரு மூங்கில்களில் அரிசிச் சாக்கைக் கோத்து நோயாளிகளைச் சுமந்தனர். தூளியும் டோலியும் ஓரினம் என்று முன்னர்க் கூறினோம். பிறந்தபோது சேலையில் ஆடியவர்களுள் எத்துணையோ பேர் அக்காட்டில் சாக்கில் சுமக்கப்பட்டனர். அதனை எண்ணும்போது சொற்பிறப்பு ஆராய்ச்சி நெஞ்சைக் கனக்கச் செய்கிறது.

அதே போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்க்குக் காட்டுத் தொங்குபடுக்கை என ஒன்று அளிக்கப்பட்டது. கீழே பாய்த்துணி, மேலே நீர்புகாத கூரை, இடையே கொசுவலை என்பது அதன் அமைப்பு. இன்று கடைகளில் காணும் விலை மிக்க பாசறைப் படுக்கைகள் இவ்வமைப்பைப் பின்பற்றியவையே. பின்னர் வியட்நாம் போரின்போது வடபகுதி வீரர்கள் துணித் தொங்குபடுக்கையையே தோளில் சுமந்து மலைக்காடுகளைக் கடந்தனர். ஏழை நாட்டுப் படைக்கு அதுவே போதுமாயிருந்தது.

செலவு குறைந்த பாசறை

மாணவர்க்குப் பாசறை வாழ்வைப் பழக்கியது சாரணர் இயக்கம். பேடன் பவல் 1907இல் பிரவுன்சீத் தீவில் முதற் பாசறையை நடத்தினார். சிங்கப்பூரில் 1910இல் பிராங்க் கூப்பர் சேண்ட்சு இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1967இல் புலாவ் உபின் தீவில் வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. கருங்கல் எடுத்த குழிகளும் பழைய பால்மரங்களும் நிறைந்த அத்தீவு, நகரத்துப் பிள்ளைகள் காட்டைக் காணத்தக்க இடம். சாங்கிப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ஜெலுத்தோங், மாமாம் ஆகிய கடலோரங்களில் தங்குமிடங்கள் உள்ளன. நகர்ப்புறத்தில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் பாசிர் ரிஸ் பூங்காவிலும் குறித்த பகுதிகளில் தங்கலாம். அதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். மரத்தில் படுக்கை கட்டலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு, இசைவு பெற்ற பின்னரே கட்டுதல் முறை.

இனிச் செலவைக் கருதுவோம். தேக்காச் சந்தையின் மேல்மாடித் துணிக்கடைகளில் கிடைக்கும் கெட்டியான கைத்தறிப் போர்வையோ காடாத் துணியோ போதும். நீளம் 3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் இருத்தல் நலம். பழஞ்சேலை குழந்தையைத் தாங்கும், வளர்ந்தவரைத் தாங்காது. துணியின் முனையைச் சேலைக் கொசுவம் போல் மடித்துச் சேர்க்க வேண்டும். சேர்த்த முனையைத் திருப்பி வளைத்து, வளைவின் கழுத்தில் கயிற்றை இருமுறை சுற்றி இறுக்கினால், பாரம் ஏற ஏற முடிச்சு இறுகும். மரங்கள் தொடையளவு பருமனுடையனவாக, 4 மீட்டர் இடைவெளியில் இருத்தல் வேண்டும். கயிறு பட்டையில் அழுந்தாதிருக்க, தோட்டத்துப் பெண்கள் செய்தது போலச் சாக்குத் துண்டை இடலாம். தென்னை மரத்தடியில் ஒருபோதும் கட்டலாகாது. உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்றும் உயரமே போதும்.

புதிதாகக் கட்டுவோர் கயிற்றை வீணைத் தந்தி போல் விறைப்பாக இழுப்பர், அது தவறு. தூளி தொய்ந்தே தொங்க வேண்டும். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒவ்வொரு கயிற்றின் இழுவிசையும் 60 கிலோ அளவே. 10 பாகையாக விறைத்தால் அது ஏறத்தாழ 173 கிலோவாகி விடும். கயிறு அறுவதும், மரம் வளைவதும், முதுகு வலிப்பதும் இதனால்தான். மேல்வகுப்பு மாணவர்க்கு விசை இணைகரத்தை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டா. படுக்கும்போது துணியின் நீளத்துக்கு நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு நிமிரும். மெக்சிகோ நாட்டு யுகத்தான் மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வாறே படுக்கின்றனர்.

சிங்கப்பூரில் ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர்; நவம்பர் முதல் சனவரி வரை மழை மிகுதி. ஆகவே படுக்கைக்கு மேலே கயிறு கட்டித் தார்ப்பாயைக் கூரையாக இடுதல் இன்றியமையாதது. மின்னல் இடி உள்ள இரவில் மரத்தடி ஆகாது; கட்டடத்துக்குச் சென்றுவிட வேண்டும். டெங்குக் கொசுவை நினைத்துக் கொசுவலையும் கொள்ளுதல் வேண்டும். விடியற்காலைக் குளிர் கீழிருந்து வரும். முதுகின்கீழ் ஒரு பாயையோ போர்வையையோ இட்டால் தடுக்கலாம். முதல் இரவை வீட்டருகிலோ பள்ளி வளாகத்திலோ கழித்துப் பழகிய பின் காட்டுக்குச் செல்லுதல் அறிவுடைமை. போர்வை, கயிறு, தார்ப்பாய், கொசுவலை ஆகிய நான்கும் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே உள்ளவை. இல்லாதவற்றை மட்டும் வாங்கினால் போதும்.

ஒரு சொல் கூற வேண்டும். இவை வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியவை. கைக்குழந்தைகள் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து துயில்வதே நல்லதென இக்கால மருத்துவர் கூறுகின்றனர். மரபைப் போற்றுவோர் இவ்வறிவையும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், கம்பங்களில் வாழ்ந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். உத்தரம் இல்லாத வீட்டில் தூளிக்கு இடமில்லை. ஆயினும் அது உடனே மறையவில்லை. இரும்புச் சட்டத்தில் சுருள்வில்லை மாட்டி, அதில் சாரோங்கைத் தொங்கவிட்ட தொட்டில் வந்தது; மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அதனைப் பயன்படுத்தினர். மலாயாவின் பல தோட்டங்களும் துண்டாடப்பட்டு நகரங்களாகி விட்டன. ஆயாக் கொட்டகையில் தூளி ஆட்டியோரில் எஞ்சியவர் இன்று எண்பதைக் கடந்தவர்.

பிரேசில் நாட்டறிஞர் காமரா காசுகூடோ, தம் நாட்டு மக்களின் தொங்குபடுக்கையைப் பற்றி மட்டுமே ஆராய்ந்து 1959இல் ஒரு முழுநூல் வெளியிட்டார். ஏழைகள் அதில் பிறந்து, அதில் துயின்று, இறந்தபின் அதிலேயே இடுகாட்டுக்குச் சென்றதை அவர் அற்பச் செய்தி என்று தள்ளவில்லை. அத்தகைய நூல் ஒன்று நம் தூளிக்கும் வேண்டும். அதனை ஒருவரே எழுத இயலாது. பலரும் தொகுத்தளித்தால் எழுதலாம்.

தமிழாசிரியர்கள் நினைத்தால் இப்பணியை வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம். மாணவர் தத்தம் வீட்டு மூதாட்டியரிடம் ஐந்து வினாக்களைக் கேட்டு எழுதி வரட்டும்: தூளிக்கு எந்தத் துணி? எங்கே கட்டினர்? எவ்வாறு முடிந்தனர்? யார் ஆட்டினர்? என்ன பாடினர்? பாட்டியின் கையாலேயே முடிச்சைப் போடச் செய்து, அதனைப் படமாக வரைந்து கொள்ளட்டும். பின்னர் அம்முடிச்சைக் கொண்டே பள்ளி வளாகத்தில் தொங்குபடுக்கை கட்டி ஓரிரவு தங்கட்டும். செலவு சில வெள்ளியே ஆகும். தொகுத்த குறிப்புகளைப் பள்ளி நூலகத்தில் ஒரு படியும், கேம்பல் சந்தில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு படியும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கோயிலும் கல்வெட்டும் காத்திருக்கும். பருத்தித் துணி காத்திராது. கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுதல் நம் கடமையாகும்.